பேழையா, கலசமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உத்தரப் பிரதேசத்தின் பிப்ரவாவில் கிடைத்த புத்த தாதுக்கள் (புத்தரின் உடல் எச்சங்கள்) பற்றிய உங்கள் செய்தியில், அவை இருந்த கலத்தை ஓரிடத்தில் 'அஸ்திக் கலசம்' என்றும் இன்னோரிடத்தில் 'ஸ்தூபி' என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் பொருந்தவில்லை. ஸ்தூபி வெளியே தெரியும் செங்கல் மேடு. அஸ்திக் கலசம் ஆற்றில் கரைக்கக் கொண்டுபோவது. இதுவோ காலத்துக்கும் காக்க வைத்தது. 'பேழை' என்பதே சரி.

1898-இல் வில்லியம் பெப்பே என்ற ஆங்கிலேயர் அங்கே ஸ்தூபியைத் தோண்டியபோது, பெரிய மணற்கல் பெட்டிக்குள் ஐந்து கலங்கள் கிடைத்தன. நான்கு மாக்கல்லில் ஆனவை. ஒன்று படிகம், அதன் மூடியில் மீன் வடிவக் கைப்பிடி. மாக்கல் கலம் ஒன்றின் மூடியைச் சுற்றி பிராமி எழுத்தில் 'சலிலநிதனே' என்று வருகிறது. சரீர நிதானம் என்பதன் பிராகிருத வடிவம் அது. இங்கே நிதானம் பொறுமையல்ல, வைப்பு. 'நிதி'க்கும் அதே வேர். மொழிபெயர்ப்பில் இடறுவது இங்கேதான்.

பாலி மொழியில் இத்தகைய பேழைக்குக் 'கரண்டகம்' என்ற சொல்லும் உண்டு. அழகான சொல்தான், ஆனால் தமிழில் அது வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பியாகிவிட்டது. தலைப்பில் போட்டால் குழப்பும். 'தாது' என்று மட்டும் எழுதினாலும் கனிமம் என்றே படிப்பார்கள். முதல் முறை 'புத்தரின் உடல் எச்சம்' என்று விரித்துவிடுங்கள். கத்தோலிக்கர்களின் 'திருப்பண்டம்' இங்கே வேண்டாம், அது புனிதர்களுக்குரிய வழக்கு.

1970-களின் அகழாய்வில் கிடைத்த எலும்புத் துண்டுகள் இங்கே ஜன்பத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அடுத்த செய்தியில் அதையும் சேர்க்க வேண்டுகிறோம்.

— தமிழ் வாசகர்கள், கரோல்பாக், புதுதில்லி