எடிட்டிங் மென்பொருள் செய்பவர்களுக்கு: கம்ப்யூட்டரை மட்டும் குறை சொல்லாதீர்கள்

வணக்கம்.

கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவன் எழுதுகிறேன். என் கம்ப்யூட்டர் 2012-இல் வாங்கியது. நாலு கோர் ஐ5, சுழலும் ஹார்டு டிஸ்க். 1080 ஃபுட்டேஜை டைம்லைனில் போட்டு ஓட்டினால் கெட்டிமேளம் முழங்கிக்கொண்டே இருக்கும். மாப்பிள்ளையின் கை மட்டும் தாலியோடு அந்தரத்தில் நிற்கும். அடுத்த படம் வருவதற்குள் அட்சதை விழுந்து முடிந்திருக்கும்.

அந்த நேரத்தில் உங்கள் மென்பொருள் என்ன சொல்கிறது? ஒன்று சிவப்புக் கோடு போடுகிறது, இல்லையென்றால் விட்டுப்போன ஃபிரேம்களை எண்ணிக் காட்டுகிறது. ஏன் என்று சொல்வதில்லை. உதவிப் பக்கத்தில் தேடினால் ராமைக் கூட்டு என்கிறீர்கள். 4 ஜிபியை 8 ஆக்கினேன், திக்கல் குறையவில்லை. அப்புறம் டிஸ்க்கைச் சந்தேகப்பட்டேன். என் ஃபுட்டேஜ் நொடிக்கு 50 மெகாபிட் என்றால் 6 மெகாபைட்டுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். கிழட்டு டிஸ்க்கும் அதைத் தூங்கிக்கொண்டே தரும்.

சிக்கல் எச்.264-இல் இருந்தது, அதாவது கேமரா வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறையில். அதில் எல்லா ஃபிரேமும் முழுப் படம் இல்லை. கேமராவைப் பொறுத்து அரை நொடிக்கு ஒன்று முழுசாக இருக்கும். நடுவில் உள்ளதெல்லாம் முன்னும் பின்னும் உள்ள படங்களிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு. உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது போதும். நாங்கள் பார்ப்பதில்லை, டைம்லைனில் முன்னும் பின்னும் இழுக்கிறோம். ஒவ்வொரு இழுப்புக்கும், இன்றைய பாக்கியைச் சொல்லப் போன மாத நோட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வரும் மளிகைக்கடைக்காரர் மாதிரி, பிராசஸர் முழுப் படத்திலிருந்து ஆரம்பிக்கிறது. நீங்கள் வைத்திருக்கும் கால்பங்கு பிரிவியூ பட்டன் கலர், எஃபெக்ட் சுமையைத்தான் குறைக்கிறது. எச்.264 படத்தை முதலில் முழு அளவில் விரித்தாக வேண்டுமே!

இன்னொன்றும் தற்செயலாகத்தான் தெரிந்தது. இன்டெல் சிப்களில் 2011-இலிருந்தே எச்.264-ஐ விரிக்கத் தனிச் சுற்று இருக்கிறது. நான் கிராபிக்ஸ் கார்டு செருகியதும் மதர்போர்டு அதை அணைத்துவிட்டிருந்தது. பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) போய் உயிர் கொடுத்தேன், பாதித் திக்கல் போயிற்று. ஆனால் சொந்தக்காரர்கள் போனில் எடுத்துத் தரும் எச்.265-க்கு (எச்.264-க்கு அடுத்து வந்த, இன்னும் இறுக்கிச் சுருக்கும் முறை) அந்தச் சிப்பில் வழியே இல்லை.

இப்போது ஃபுட்டேஜ் வந்ததும் பிராக்ஸி, அதாவது எடிட் செய்ய மட்டும் ஒரு இலகுவான நகல், போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. டிஎன்எக்ஸ்எச்டி 36 என்ற எடிட்டிங் வடிவத்துக்கு மாற்றினால் ஒரு மணி நேரம் சுமார் 16 ஜிபி பிடிக்கும், ஆனால் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படம். போன் ஃபைல் சின்னது, திணறுகிறது. இது பெரியது, வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. என் உதவியாளத் தம்பி இதை நம்பவே இல்லை. கடைசி ரெண்டர் (முடிந்த வீடியோவை வெளியே எடுப்பது) ஒரிஜினலிலிருந்துதான் போகும் என்பதை அதைவிட நம்பவில்லை. அவனைக் குறை சொல்ல முடியாது, உங்கள் மெனுவில் அந்த வசதி மூன்று கதவுக்கு உள்ளே இருக்கிறது.

நான் கேட்பது புது எஃபெக்ட் இல்லை. கிளிப்பை உள்ளே இழுக்கும்போதே அது எந்த கோடெக் (சுருக்கும் முறை), என் சிப்பால் அதை விரிக்க முடியுமா என்பது உங்களுக்குத் தெரியும். அப்போதே ஒரு வரி போடுங்கள்: 'இந்த ஃபைல் எச்.265, உங்கள் கம்ப்யூட்டரில் திக்கும், பிராக்ஸி செய்யட்டுமா?' கேடென்லைவ் என்ற எடிட்டிங் மென்பொருளில் குறிப்பிட்ட அகலத்துக்கு மேலே போனால் தானே பிராக்ஸி செய்யும் அமைப்பு இருக்கிறது. இலவச மென்பொருள் அது. அகலத்தோடு கோடெக்கையும் பார்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். அந்த வரி தமிழிலும் வந்தால் தம்பி அதைக் கேட்க என்னை எழுப்ப மாட்டான்.

சரி, ஒரு வளைகாப்பு ஃபுட்டேஜ் மாறிக்கொண்டிருக்கிறது, இன்னும் 41 நிமிடம் என்று காட்டுகிறது. சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
பழைய ஐ5-ஐ இன்னும் விற்காத ஒரு எடிட்டர்