கசடின் மேல் நட்ட காடு

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் வெளியான வேல்ஸ் பயணக் கட்டுரையை ஆசையோடு படித்தேன். 17 ஆண்டுகளாக ஸ்வான்சீயில் வசிக்கிறேன். எங்கள் ஊரைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பது அபூர்வம். மலைப்பகுதியைப் பற்றி எழுதியிருப்பதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் டாவே ஆறு நகரை நெருங்கும் இடத்தில், கரையோர மரங்களைக் கண்டு மயங்கிய கட்டுரையாளர் அதை மனிதர் கை படாத இயற்கை என்று எழுதிவிட்டார். படித்ததும் தூக்கிவாரிப்போட்டது. அந்தச் சரிவுகளில் நிற்கும் மரங்களில் பெரும்பாலானவை மனிதர்கள் நட்டவை. பள்ளிப் பிள்ளைகள் நட்டவையும் அவற்றில் உண்டு.

அந்த மண்ணில் 1717 முதல் செம்பு உருக்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், பள்ளத்தாக்கில் செம்புத் தாது கிடையாது, நிலக்கரிதான் இருந்தது. தாதுவைவிட அதிக எடைக்கு நிலக்கரி எரிந்த காலம் அது. ஆகவே தாதுவைக் கரி இருக்கும் இடத்துக்குக் கொண்டுவருவதே மலிவாக இருந்தது. கார்ன்வாலிலிருந்து தாது ஏற்றி வந்த கப்பல்கள், அங்குள்ள சுரங்கங்களின் நீராவிப் பம்புகளுக்குக் கரி ஏற்றிக்கொண்டு திரும்பின. பிறகு கியூபாவிலிருந்தும் சிலியிலிருந்தும் தாது வந்தது. ஆற்றின் கடைசிச் சில கிலோமீட்டர்களில் கப்பல் போகும் ஆழம் இருந்ததால், சரக்கு ஆலை வாசலிலேயே இறங்கியது. 1737-இல் வைட் ராக், 1810-இல் விவியன் குடும்பத்தின் ஹாஃபாட் என்று ஆலைகள் பெருகின. பிரிட்டனின் செம்பில் பெரும்பங்கு இங்கேதான் உருகியது. அதில் ஒரு பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவுக்குக் கொண்டுவந்து விற்றது. ஆப்பிரிக்காவில் அடிமைகளை விலைக்கு வாங்கப் பயன்பட்ட ‘மனிலா’ வளையங்களும் இந்தப் பள்ளத்தாக்கில் வார்க்கப்பட்டன. ஊர்ப் பெருமை பேசுகிறவர்கள் இதை மெல்ல விழுங்கிவிடுவார்கள்.

புகையைச் சொல்லாமல் செம்பைச் சொல்ல முடியாது. கந்தகமும் ஆர்சனிக்கும் கலந்த அந்தப் புகையில் கிழக்குச் சரிவில் மரம் செத்தது, புல் செத்தது, வேர் பிடித்திருந்த மண்ணும் மழையில் கரைந்து போயிற்று. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 1833-இல் தோற்றுத் திரும்பினார்கள். அந்தப் புகை காலராவை விரட்டும் என்று வாதாடியவர்களும் இருந்தார்கள்!

ஆலைகள் ஒவ்வொன்றாக மூடியபோது மிஞ்சியவை இடிந்த சுவர்களும், செம்பைப் பிரித்தபின் கொட்டிய கழிவான கசடின் குன்றுகளும். ரயிலில் ஸ்வான்சீக்கு வருகிறவர்கள் முதலில் பார்த்தது அந்தக் கரிய பாலைவனத்தைத்தான். 1961-இல் இங்குள்ள பல்கலைக்கழகக் கல்லூரி முன்கை எடுத்து, பள்ளத்தாக்கை மீட்பது எப்படி என்று ஆராயத் தொடங்கியது. அறிக்கை 1967-இல் வந்தது. சாதாரணப் புல் விதை செம்புக் கசடில் பிழைக்காது. உலோக நஞ்சைத் தாங்கும் புல் வகைகளைத் தேடினார்கள். கசடின் மேல் சாக்கடைக் கழிவை உரமாக இட்டுப் பார்த்தார்கள். ராணுவத்தினர் இடிபாடுகளைத் தகர்த்தார்கள். வனத்துறை மரம் நட்டது. கட்டுரையாளர் படம் எடுத்த பசுமை இப்படி வந்ததுதான்.

மேல் பள்ளத்தாக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆந்த்ரசைட் என்னும் கடினமான நிலக்கரியைக் கொண்டு இரும்பு உருக்க 1837-இல் வழி கண்டது இனிஸ்கெட்வின் ஆலை. அங்கே வேலை பார்த்த டேவிட் தாமஸ் அந்த வித்தையை அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குக் கொண்டுபோனார். கிளிடாக்கில் 1902-இல் தொடங்கிய நிக்கல் ஆலையோ இன்றும் ஓடுகிறது. கட்டுரையாளர் அதன் வாசல் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டாரோ என்னவோ.

ஹாஃபாட் ஆலை வளாகத்தில் இப்போது விஸ்கி வடிக்கிறார்கள், செம்புக் கலன்களில்தான். கட்டுரையாளர் மறுமுறை வரும்போது அங்கே போகட்டும், நான் தடுக்கவில்லை. போகிற வழியில் பழைய தெருக்களின் மதில்களையும் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கட்டும். உச்சியில் வரிசையாகக் கனத்த கரிய கட்டிகள் பதித்திருக்கும். கருங்கல் என்று எழுதிவிட வேண்டாம். அவை செம்புக் கசடை உருக்கிய சூட்டிலேயே அச்சில் வார்த்தவை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்வான்சீ