ஓட்டை போட மறுத்த டிரில்

திருவான்மியூர்,
சென்னை.

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தியும் குரோம்பேட்டைப் புது வீட்டுக்குக் குடிபோன செய்தியும் மிகுந்த மகிழ்ச்சி தந்தன. ஆனால் ஜன்னலுக்கு மேல் திரைச்சீலைக் கம்பி மாட்ட முடியாமல் டிரில்லிங் மெஷின் மக்கர் செய்கிறது, அதைக் காயலான் கடையில் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாயே, அதற்குத்தான் மற்ற வேலைகளை விட்டுவிட்டு உடனே எழுத உட்கார்ந்தேன். வாங்காதே.

சென்ற மாதம் பூஜை அலமாரி மாட்டும்போது எனக்கும் இதே நிலைதான். இருபது நிமிடம் முழு பலத்தையும் கொடுத்து அழுத்தியும் சுவர் கறுத்ததே தவிர குழிகூட விழவில்லை. மெஷினில் மாட்டித் துளைக்கும் பிட்டின் முனை நீலம் பாரித்து, சுண்ணாம்பு தீய்ந்த வாடை வந்தது. பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த எலக்ட்ரீஷியன் பையன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெஷினை ஓடவிடும் விசைக்கு மேலிருந்த சிறு நெம்புகோலை விரலால் மறுபக்கம் தள்ளினான். அரை நிமிடத்தில் ஓட்டை விழுந்தது. அதுவரை மெஷின் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது! அப்போதும் அதே வேகம், அதே இரைச்சல் என்பதால் காதுக்கு எதுவும் தெரிவதில்லை. முப்பது வருடம் பொறியாளராக இருந்தவனுக்கு அன்று முகத்தில் அசடு வழிந்தது.

எனவே முதலில் அந்த நெம்புகோலைப் பார். அடுத்து, மேலே சுத்தியல் படம் போட்ட குமிழ் சுத்தியல் பக்கம் இருக்கிறதா என்று பார். இரண்டும் சரியாக இருந்தும் இறங்கவில்லை என்றால், விழும் பொடியைக் கவனி. பூச்சைத் தாண்டியதும் பொடி சிவப்பாக வந்தால் செங்கல். சாம்பல் நிறமாகவே வந்துகொண்டிருந்தால் நீ குடைவது கான்கிரீட். ஜன்னலுக்கு மேல் சுவரைத் தாங்கும் கான்கிரீட் விட்டமான லிண்டல் ஓடுகிறது, திரைச்சீலைக் கம்பி மாட்ட வேண்டிய இடமும் சரியாக அதன்மேல்தான் அமைகிறது. வீட்டு டிரில்லில் உள்ள சுத்தியல் என்பது, பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கித் தரும் அதிர்வு மட்டுமே. செங்கலுக்கு அது தாராளம், கான்கிரீட்டுக்கு முக்கித் திணற வேண்டியதுதான். நேராக 8 மி.மீ. பிட்டைக் கொடுக்காமல் முதலில் 6 மி.மீ. போட்டு, இடையிடையே வெளியே இழுத்துப் பொடியை உதிர்த்து, பிறகு பெரிதாக்கு. திடீரென்று இறங்காமல் நின்றுவிட்டால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி தட்டுகிறது என்று கொண்டு ஓர் அங்குலம் தள்ளிப் போடு. தொடர்ந்து சூடேறினால் பிட்டின் முனையில் பற்றவைத்த கார்பைடு என்னும் கடினமான துண்டு கழன்றுவிடும். அதன்பின் அது வெறும் இரும்புக் குச்சி.

பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கில் அது வழுக்குகிறது என்றும் எழுதியிருந்தாய். சக் சாவியை ஒரே துளையில் வைத்துத் திருகிவிட்டு விடுகிறாய் என்று நினைக்கிறேன். மூன்று துளைகளிலும் மாறி மாறி இறுக்க வேண்டும்.

தீப்பொறியும் கருகல் வாடையும்தான் உன்னை அச்சுறுத்தியிருக்கின்றன. பரணில் ஆறு வருடம் கிடந்த என் மெஷினிலும் அது இருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்புறம் இருபக்கமும் உள்ள வட்ட மூடிகளைத் திருகி எடுத்தேன். மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்கள் சுருள்வில்லோடு வெளியே வந்தன; அவற்றில் ஒன்று சுண்டுவிரல் நகத்தின் பாதியளவுக்குத் தேய்ந்து, ஓரம் சாய்வாக உடைந்திருந்தது. பழையதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பாரிமுனைக்குப் போய், அதே அளவில் ஒரு ஜோடி வாங்கி வந்தேன். பஸ் செலவுதான் பெரிது. எப்போதும் இரண்டையும் சேர்த்தே மாற்று. புதிய பிரஷ் வளைவுக்கேற்பத் தேயும் வரை சிறிது பொறி வரும், கவலைப்படாதே. ஆனால் பொறி வளையமாகச் சுற்றிச் சுழன்றால் மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சர் போய்விட்டது என்று பொருள். அப்போது மட்டும் புது மெஷின் பற்றிப் பேசலாம்.

திருகாணியைப் பிடித்துக்கொள்ள ஓட்டைக்குள் செருகும் பிளக் வாங்கும்போது கடைக்காரர் "ராயல் பிளக்கா?" என்பார். ராவ்லிங்ஸ் என்ற ஆங்கிலேயரின் பெயரில் வந்த ராவல் பிளக்தான் நம் ஊரில் முடிசூட்டிக்கொண்டது. 8 மி.மீ. ஓட்டைக்கு 8 மி.மீ. பிளக் என்று கேட்டு வாங்கு. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே மட்டும் எக்காரணம் கொண்டும் குடையாதே, சுவருக்குள் ஒயர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் ஏறும்.

ஞாயிறு காலை பேரனைப் பார்க்க வருகிறேன், 6 மி.மீ. பிட்டும் பழைய செய்தித்தாளும் என்னுடன் வரும். குழந்தை தூங்கும் நேரத்தை மட்டும் மருமகளிடம் கேட்டு வை.

அன்புடன்,
உன் கோபாலன்