மேசைப் பலகையில் விழுந்த குழிகள்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ வீடியோவில் காட்டிய மேசைப் பலகைதான் இரவு முழுக்க நினைவில் நின்றது. வார்னிஷ் காய்ந்த பிறகு, பொருத்திய கோட்டின் நெடுக நீள்வட்டமாகச் சின்னச் சின்னக் குழிகள். மரம் கூடாது, எறியப்போகிறேன் என்றாய். எறியாதே பிள்ளை. மரத்தில் ஒரு குறையும் இல்லை, நீ அவசரப்பட்டுவிட்டாய், அவ்வளவுதான்.

நான் சுவிசுக்கு வந்த புதிதில், லீஸ்டாலுக்குப் பக்கத்தில் ஒரு தச்சுப் பட்டறையில் இதே பிழையை விட்டேன். மாலையில் ஒட்டிய அலுமாரிக் கதவை மறுநாள் காலையே தேய்த்து மினுக்கினேன். இரண்டு கிழமையில் குழி விழுந்துவிட்டது. பெரியவர் என்னை ஏசவில்லை. இரண்டு பலகைகளின் விளிம்பிலும் பள்ளம் வெட்டி, அவற்றைச் சேர்க்க உள்ளே செருகும் மெல்லிய மரச் சில்லுக்குப் பெயர் பிஸ்கற். அதில் ஒன்றைத் தண்ணீரில் போட்டு, அது ஊதுவதைக் காட்டினார்.

பிஸ்கற் என்பது அழுத்தி இறுக்கிய பீச் மரம். பசையில் உள்ள ஈரத்தைக் குடித்ததும் வீங்கி, வெட்டிய பள்ளத்துக்குள் இறுகிப் பிடிக்கும். அதன் பலமே அந்த வீக்கம்தான். ஆனால் அந்த ஈரம் சுற்றியுள்ள மரத்துக்குள்ளும் போகும். அந்த இடம் மேலே கொஞ்சம் எழும்பும். எழும்பி நிற்கும்போதே நீ தேய்த்து மட்டமாக்கினாய். ஈரம் வற்றியதும் மரம் பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது, குழி விழுந்தது.

இனிப் பலகையை இரண்டு மூன்று கிழமை சும்மா விடு. பிறகு வார்னிஷை எடுத்து, முழுப் பரப்பையும் குழியின் மட்டத்துக்குத் தேய். அடுத்த முறை பள்ளத்தைப் பலகைத் தடிப்பின் நடுவில் வெட்டு. மேல்முகத்துக்குக் கிட்டப் போனால் குழி இன்னும் தெரியும். பசையைப் பிஸ்கற்றில் மட்டும் பூசாமல் பள்ளத்தின் இரு பக்கமும் பூசு. பூசியதும் மளமளவென்று பூட்டு. பள்ளம் பிஸ்கற்றைவிடச் சற்று நீளமாக இருப்பதால் பலகையை இரண்டு மில்லிமீட்டர் அங்கே இங்கே நகர்த்தலாம். வீங்கிவிட்டால் அதுவும் முடியாது.

இன்னொன்று. பலகையைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டும்போது நல்ல பசை ஒன்றே பிடிக்கக் காணும். அங்கே பிஸ்கற் போடுவது பலகைகளை ஒரே மட்டத்தில் நிறுத்தத்தான். பிளைவூட் பெட்டியின் மூலைகளில்தான் அது உண்மையில் பலம் கொடுக்கும். மேசைக் காலை மட்டும் அதை நம்பிப் பூட்டாதே. ஊரில் அப்பப்பா செய்தது போலத் துளை குடைந்து, அதற்குள் பொருந்தும்படி செதுக்கிய முனையை, அதுதான் கழுந்து, உள்ளே இறுக்கு. நாற்பது வருஷம் பிஸ்கற்றோடு பழகியவன் சொல்கிறேன்.

லீஸ்டாலில் ஹெர்மன் ஸ்டைனர் என்ற தச்சர் 1950களின் நடுவில் கண்டுபிடித்த முறை இது. அவர் தொடங்கிய லமெல்லோ நிறுவனத்தின் பெயரைத்தான் எங்கள் பட்டறையில் பிஸ்கற்றுக்கே சொல்லுவோம். அந்த ஊர்த் தெருவில் நீ சைக்கிள் பழகியதை இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

20ஆம் நம்பர் பிஸ்கற் ஒரு பெட்டி தபாலில் போட்டிருக்கிறேன். 56 மில்லிமீட்டர் நீளம், 23 அகலம், உன் பலகைக்கு அதுதான் சரி. வந்தவுடன் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு இறுக்கி மூடு. உன் வீட்டு நிலவறை ஈரம். அங்கே திறந்து வைத்தால் ஒட்டும் முன்பே ஊதிவிடும், பள்ளத்துக்குள் போகாது.

அம்மா உன் புது மேசையில் சாப்பிட வைகாசியில் வர வேண்டும் என்கிறா. அதற்குள் பலகை காய்ந்துவிடும்.

அன்புடன்,
அப்பா