மாடியில் கிடக்கும் அஸ்திக் கலயம்

ஆசிரியருக்கு வணக்கம்.

புதிதாகக் குடிவருகிறவர்கள் மோட்டார் ரூமிலோ சன்ஷேடிலோ துணியால் வாய் கட்டிய மண்கலயத்தைப் பார்த்ததும் செய்வினை என்று பயந்து குப்பைத் தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது யாரோ ஒருவரின் அஸ்தி. வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பதால் வெளியே வைத்திருப்பார்கள். ராமேஸ்வரத்தில் கரைக்கலாம், வெளிநாட்டிலிருந்து பிள்ளை வரட்டும் என்று தள்ளிப்போட்டு, வீடு மாறும்போது விட்டுப் போயிருப்பார்கள்.

நம் மயானங்களில் பொதுவாக எலும்பை அரைத்துத் தருவதில்லை. அதனால் கலயத்துக்குள் வெள்ளையாக, எடையே இல்லாமல், விரலால் நசுக்கினால் பொடியும் துண்டுகள் இருக்கும். 700 டிகிரிக்கு மேல் வெந்தவை. அவற்றால் நோய் வராது. தொட்டால் கை கழுவினால் போதும். வாடை அடிப்பதற்குக் காரணம் வேறு. எலும்பு பொறுக்கும் சஞ்சயனத்தன்று பாலும் இளநீரும் தெளித்த எலும்பை ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் கட்டிவிடுகிறார்கள், பூஞ்சை பிடிக்கிறது. மயானத்தில் பெயர் எழுதிச் செருகிய காகிதச் சீட்டும் அதே ஈரத்தில் ஊறிக் கூழாகிவிடுகிறது.

எனவே கலயத்தை நகர்த்தும் முன் நாலு பக்கமும் படம் எடுங்கள். சீட்டில் ரசீது எண் மட்டும் தெரிந்தால்கூட மயானப் பதிவேட்டில் ஆளைத் தேட முடியும். சீட்டே இல்லையா? வீட்டு உரிமையாளரிடம் பழைய வாடகை ஒப்பந்தம் இருக்கும். அதிலுள்ள தொலைபேசி எண்ணுக்குப் படத்தோடு தகவல் அனுப்பி, ஒரு மாதமாவது பொறுத்திருங்கள். அதுவரை பிளாஸ்டிக்கை நீக்கி, புதுக் கலயத்துக்கு மாற்றி, வெள்ளைப் பருத்தித் துணி கட்டி மழை படாத இடத்தில் வையுங்கள். எலும்பு பழுப்பாக, கெட்டியாக, வேகாததுபோல் இருந்தால் மட்டும் தொடாமல் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

யாரும் வராவிட்டால் கடலிலோ ஓடும் ஆற்றிலோ நீங்களே கரைக்கலாம். உறவு வேண்டியதில்லை, மரியாதை போதும். துணியையும் கவரையும் தண்ணீரில் விடாதீர்கள். செடிக்கு அடியில் கொட்டவும் வேண்டாம். சாம்பலின் காரமும் உப்பும் வேரைக் கருக்கிவிடும்.

மயான நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயர், தேதி, ரசீது எண் மூன்றையும் காகிதத்தில் எழுதிச் செருகாமல், கலயத்தின் மீதே எனாமல் பெயின்டால் எழுதிக் கொடுங்கள். காகிதச் சீட்டைப்போல அது பாலுக்கும் மழைக்கும் எளிதில் அழியாது.

இப்படிக்கு,
மயானப் பணியாளர்கள் சிலர், சென்னை