வலைப்பயிற்சிக்குப் போனவர்கள்

ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலியாவுக்கு எதிரான 2021 பிரிஸ்பேன் கிரிக்கெட் டெஸ்ட் என்றாலே ரிஷப் பண்ட் அடித்த 89தான் எல்லார் வாயிலும். சரி, அது பெரிய ஆட்டம்தான். ஆனால் வலைப்பயிற்சியில் பந்து போடத் தங்கிய நம்ம சின்னப்பம்பட்டி நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும், மூத்தவர்கள் ஒவ்வொருவராகக் காயப்பட்டதால் அன்றுதான் தங்கள் முதல் டெஸ்டில் இறங்கி, முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு 3 விக்கெட் எடுத்தார்களே, அதை ஏன் யாரும் பேசுவதில்லை? நம் அணிக்கு 186 ரன்னுக்கு 6 விக்கெட் போன நிலையில் ஷர்துல் தாக்கூரோடு 123 ரன் சேர்த்தார் சுந்தர். ஆஸ்திரேலிய சுழற்பந்து வீச்சாளர் லயனின் பந்தைத் தூக்கியடித்துவிட்டு, அது போன திசையைக்கூட அவர் பார்க்கவில்லை, சிக்ஸர்! அவர் அடித்த அந்த 62 ரன் இல்லாமல் 2-1 என்று தொடர் நம் கைக்கு வந்திருக்காது. இவர்களைப் பற்றியும் விரிவாக எழுதுங்கள்.

- ஒரு வாசகர், சேலம்