சனிக்கிழமை விரிவுரையை ஒரு கிழமைக்கு முதல் சொல்லுங்கள்

மதிப்புக்குரிய பீடாதிபதி அவர்களுக்கு,

புத்தாண்டு யாவாரம் சூடுபிடித்த கிழமையில், வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு எங்கள் வட்ஸ்அப் குழுவுக்கு வந்த செய்தி உங்கள் காதுக்கும் எட்டியிருக்கும். "விடுபட்ட விரிவுரை நாளை காலை ஒன்பது மணிக்கு. வரவு கட்டாயம்."

நான் சனி, ஞாயிறு மட்டக்களப்பு டவுனில் ஒரு புடவைக்கடையில் நிற்கிறவள். சித்திரைக்கு முந்தின சனிக்கிழமையில் புடவைக்கடை முதலாளியிடம் லீவு கேட்பது எப்படியிருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. எண்பது வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டீர்கள், அதனால் விரிவுரைக்கே வந்தேன். பத்தரை வரைக்கும் மண்டபத்தில் இருந்தோம். மறுகா இன்னொரு செய்தி, இன்று விரிவுரை இல்லை, திகதி பின்னர் அறிவிக்கப்படும் என்று. பஸ் பிடித்துக் கடைக்கு ஓடினால் அங்கே வேறொரு பிள்ளை துணி மடித்துக்கொண்டு நிற்கிறாள். "குறை நினைக்காத புள்ள, எனக்கு இந்தக் கிழமதான் யாவாரம்" என்றார் முதலாளி. அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு கிழமைக்கு முதல் தெரிந்திருந்தால் நானே ஆள் மாற்றிவிட்டிருப்பேன்.

வேலைக்குப் போகாமல் படிக்கலாமே என்று விரிவுரையாளர் ஒருவர் கேட்டார். படிக்கலாம் சேர். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மஹாபொல புலமைப்பரிசில் மாதக் காசை 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக்கினார்கள், சந்தோசம், அது போர்டிங் வாடகையோடு சரி. சாப்பாடு, போட்டோக்கொப்பி, டேட்டா, திருக்கோவிலுக்கு வீட்டுக்குப் போய்வரும் பஸ் காசு எல்லாம் கடைச் சம்பளத்தில்தான். வெள்ளத்தில் வேளாண்மையைப் பறிகொடுத்துவிட்டு இருக்கிற அப்பாவிடம் கேட்க வாய் வராது.

2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் போராட்டம் இருந்து வேலை கேட்ட பட்டதாரிகளை, அரச வேலையையே பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள் என்று குறை சொன்னவர்கள் கொஞ்சமா? நாங்கள் படிக்கும்போதே தனியார் கடையில் நின்றால் அதுவும் குற்றம், படிப்பில் அக்கறையில்லை. எந்தப் பக்கம் போவது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் புண்ணியமாகப் போகும்.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். செவ்வாய் பின்னேரம் எங்கள் நேரசூசியில் வெறுமையாகத்தான் கிடக்கிறது, விடுபட்ட விரிவுரைகளை அதில் வையுங்கள். சனிக்கிழமையை விட்டால் வழியில்லை என்றால் ஒரு கிழமைக்கு முதல் சொல்லுங்கள். விரிவுரையாளர் வராத நாளில் வந்து காத்திருந்தவர்களுக்கு வரவு போடுங்கள். எண்பது வீதத்தைக் குறைக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அடுத்த பீடச்சபைக் கூட்டத்தில் இதை எடுத்து, ஒரு கிழமை முன்னறிவித்தல் கட்டாயம் என்று எழுத்தில் தருமாறு தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டாம் வருட மாணவி ஒருத்தி